மாவிடிக்கும் பெண்ணும் ஆடிழுக்கும் பையனும்

எங்கள் ஊர் வேதக் கோயிலில் கிறிஸ்து பிறந்த நத்தாருக்குக் கட்டும் பாலன் குடிலைச் சுற்றி எட்டுப் பொம்மைகள் இருக்கின்றன. மூன்று ஆடும். ஐந்து அசையாமல் நிற்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மோட்டார் பழுதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். சிலர் மட்டும் கிட்ட வந்து குனிந்து பார்த்துவிட்டு, நிற்கிற பொம்மைகளின் காலடியில் ஏன் வெளிச்சம் கசிகிறது என்று கேட்பார்கள். நான் பல பேருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று விடுபட்டுப்போகிறது. அதனால் இந்தப் பொம்மைகளை ஆட்டுவிக்கும் கோணாமலை மாமாவின் கதையை முதலில் இருந்து எழுதுகிறேன்.

கோணாமலை மாமா சைவர். கோயிலுக்கு எதிரே வீதியோரத்தில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். எங்கள் ஊர் தேற்றாத்தீவுக்குக் கிட்ட, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கும் ஊர். அவருடைய வீடு வாவிப் பக்கத்தில் இருந்தது. றேடியோ திருத்துவதில் அவருக்குப் பெரிய விருப்பம் இருந்ததில்லை. திருவிழாவுக்கு ஆடுகிற பொம்மைகளைச் செய்வதில்தான் விருப்பம். அமிர்தகழியில் மாமாங்கத் திருவிழா வந்தால், தோகையை விரித்து மூடும் ஒரு மயிலைக் கொண்டுபோய் வீதியில் நிறுத்துவார். அதைப் பார்த்த எங்கள் பங்குச் சுவாமி ஒருவர், நத்தாருக்கும் அப்படி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். அப்படித்தான் குடில் வேலை தொடங்கியது.

பொம்மைகளை முள்முருக்கு மரத்தில் அவரே செதுக்கினார். அவருக்கு முகம் செதுக்க வராது. அதனால் முகத்தை விட்டுவிட்டு ஊரில் உள்ளவர்களின் வேலையையும் உடுப்பையும் வைத்துப் பொம்மை செய்தார். வலை வீசுகிறவர் சாமித்தம்பி என்பது அந்தச் சிவப்புத் தலைப்பாகையிலேயே தெரியும். சைக்கிள் மிதிக்கிறவர் வீடு வீடாக ரொட்டி விற்கும் பாண்கார மரியதாஸ். பிடிவாதம் பிடிக்கும் வெள்ளாட்டைக் கயிற்றில் கட்டி இழுக்கும் பையன், மரியதாஸின் மகன் தனோஜன். ஆடு ஒரு பக்கம் இழுக்கும், அவன் ஒரு பக்கம் இழுப்பான், யார் வெல்வார்கள் என்று தெரியாது. வீதியில் தினமும் நடந்த காட்சி அது. உரலில் மாவிடிக்கும் பெண் மாமாவின் மனைவி அன்னப்பூரணி மாமி. வேதக் கோயில் குடிலுக்குள் நெற்றி நிறையத் திருநீற்றோடு ஒருத்தி நிற்கலாமா என்று சிலர் கேட்டதற்கு, பெத்லகேமில் கிரானில் இருந்து போய்க் குடியேறியவளாக இருக்கும் என்று சுவாமி சொன்னாராம். மாமியின் பிறந்த ஊர் கிரான்.

பொம்மைகளை ஆட்டுவிக்கும் கருவி குடிலின் பின்னால் ஒரு பெட்டிக்குள் இருக்கும். ஒரு மர உருளை. பழைய மேசைக் காற்றாடி ஒன்றின் பற்சக்கரங்கள் அதை மெதுவாகச் சுழற்றும். உருளையின் மேல் பால்மா டின்னில் வெட்டிய தகட்டுத் துண்டுகள் நான்கு வரிசையாக ஆணி அடித்திருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் மேலே ஒரு பித்தளை நாக்கு தொட்டுக்கொண்டிருக்கும். நாக்கின் கீழ் தகடு வந்தால் பொம்மை ஆடும், வெறும் மரம் வந்தால் நிற்கும். தகடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் ஆட்டம். கொம்பியூட்டர் செய்கிற வேலையை அந்த டின் தகடு செய்தது.

இதில் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். மாமாவுக்குக் கிடைத்த மோட்டார்கள் எல்லாம் பழைய ரேப் ரெக்கோடர்களில் கழற்றியவை. அவற்றுக்கு ஆறு வோல்ட் போதும். கையில் இருந்ததோ பன்னிரண்டு வோல்ட் லொறிப் பற்றரி. ஆகவே இரண்டிரண்டு மோட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒவ்வொரு சோடிக்கும் ஒரு வரிசைத் தகடு கொடுத்தார். சோடியில் ஒன்றின் வயரைக் கழற்றினால் மற்றதும் நின்றுவிடும். அந்த நாளில் அது யாருக்கும் ஒரு குறையாகப் படவில்லை. சாமித்தம்பியும் மரியதாஸும் ஒரு சோடி. மாமியும் தனோஜனும் ஒரு சோடி.

முதல் தடவை ஓடவிட்டுப் பார்த்தபோது உலக்கை விடாமல் விழுந்து விழுந்து எழும்பியதாம். மாமி பார்த்துவிட்டுச் சிரித்தா.

"இப்பிடி மூச்சு விடாம இடிச்சா மாவும் மிஞ்சாது, மனிசியும் மிஞ்சமாட்டாள். ரெண்டு இடி, ஒரு மூச்சு. அப்பிடித்தான் இடிக்கிற."

சொல்லிவிட்டுக் கத்திரிக்கோலை வாங்கித் தகட்டைத் தானே வெட்டினா. வாயால் எண்ணி எண்ணி, இரண்டு சின்னத் துண்டு, ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு துண்டு என்று மாமாவைக் கொண்டு ஆணி அடிப்பித்தா. தனோஜனின் மோட்டார் அதே வரிசைக்குச் சோடியாக இருந்தபடியால், மாமி இடிக்கும்போது அவன் ஆட்டை இழுப்பான், மாமி மூச்சு விடும்போது அவனும் ஆடும் களைத்து நிற்பதுபோல் நிற்பார்கள். பார்க்கிற எல்லாருக்கும் அதுதான் பிடித்த இடம்.

2004இல் நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமியான போயா நாளும் கூட. கரைவலை இழுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மாமி மீன் வாங்கப் பையோடு கடற்கரைக்குப் போனா. மாமா வீட்டில் இருந்தார். கடல் பொங்கி, வீதியைத் தாண்டி, அவருடைய முற்றத்தைத் தாண்டி, வாவியோடு சேர்ந்தது. அவர் தென்னையைப் பிடித்துக்கொண்டு தப்பினார். மாமியைப் பிறகு ஒருவரும் காணவில்லை.

மாமா ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடங்களிலும் அகதிமுகாம்களிலும் தேடினார். வாவிக் கரை முழுக்கச் சேற்றில் வளரும் கண்ணாப் பற்றைகளுக்குள் இறங்கித் தேடினார். ஊர் முழுவதும் அப்படித்தான் தேடித் திரிந்தது. முள்முருக்கு பாரமில்லாத மரம், தண்ணீரில் மிதக்கும். ஆட்களைத் தேடிப் போனவர்கள் பொம்மைகளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒன்று தாழம்பற்றைக்குள் கிடந்தது, ஒன்று வேறொரு ஊரின் கிணற்றில் மிதந்தது. மரியதாஸின் மனைவி தெரேசம்மா, புருசனைத் தேடிச் சேற்றுக்குள் நடந்தபோது மாவிடிக்கும் பெண்ணைக் கண்டெடுத்தா. கழுவிக்கொண்டு வந்து மாமாவிடம் கொடுத்தா.

"இதுதான் அண்ணன் கிடைச்சது" என்று மட்டும் சொன்னாவாம்.

அடுத்த நாள் மரியதாஸின் உடல் கிடைத்தது. எட்டுப் பொம்மைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துவிட்டன. உருளை இருந்த பெட்டி கோயில் சுவருக்கும் இடிந்த தூணுக்கும் நடுவில் இறுகிக் கிடந்தது.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்காக மாமியின் தமையன் கிரானிலிருந்து வந்தார். மாமா மறுத்துவிட்டார். ஆளைக் காணவில்லை, காணாத ஆளுக்கு எப்படிக் காரியம் செய்வது என்று கேட்டார். தமையன் கோபத்தோடு போனார். கிரானில் அவர்கள் தாங்களாகவே செய்தார்கள். மாமா போகவில்லை. அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

அந்த வருடக் கடைசியில் குடில் கட்டுவதா வேண்டாமா என்று ஊர் கூடிக் கதைத்தது. நத்தாருக்கு மறுநாள்தான் வீட்டுக்கு வீடு ஆண்டுத் துவசம். ஆடுகிற பொம்மைகளை எப்படிப் பார்ப்பது என்று ஒரு பகுதியினர் சொன்னார்கள். பிள்ளைகள் ஒரு வருடமாகச் சிரிக்கவில்லை, ஓடவிடுங்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். தெரேசம்மாதான் கடைசியில் எழும்பினா.

"இருக்கிறவங்க ஆடட்டும் சுவாமி. செத்தவங்களை ஆட்ட வேணாம். அவங்க சும்மா நிக்கட்டும்."

அதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். எட்டுப் பேரில் மரியதாஸையும் சேர்த்து மூன்று பேர் இறந்திருந்தார்கள். மாமா அந்த மூன்று மோட்டார்களின் வயரையும் கழற்றினார். என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஆனால் அந்த வருடம் அவர் எதையும் யோசித்துச் செய்யவில்லை. பற்றரியைப் பூட்டி ஓடவிட்டபோது, இறந்தவர்களோடு சேர்ந்து அவர்களுடைய சோடிகளும் நின்றுவிட்டன. சாமித்தம்பி தன்னுடைய பொம்மை வலையைத் தூக்கிய கையோடு நிற்பதைப் பார்த்து முகம் கறுத்துப்போய் மாமாவிடம் வந்தார்.

"என்ன கோணாமலை, என்னையும் அந்தப் பக்கம் சேத்துப்போட்டயா? நான் இன்னும் கஞ்சி குடிச்சிக்கிட்டுத்தான் இரிக்கன்."

மாமா அவசரத்தில் மரியதாஸின் மோட்டாரை விலக்கிவிட்டு அதன் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கினார். பன்னிரண்டு வோல்ட்டும் ஒரே மோட்டாருக்குப் போனது. சாமித்தம்பியின் பொம்மை பேய் பிடித்ததுபோல் வலையை வீசத் தொடங்கியது. அங்கே நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். இப்படி வீசினால் மீன் எல்லாம் சிரித்தே செத்துவிடும் என்று சாமித்தம்பி சொல்ல, பெரியவர்களும் சிரித்தார்கள். கடல் வந்ததற்குப் பிறகு கோயிலடியில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்று என் அம்மா சொல்லுவா. தெரேசம்மாவும் சிரித்தா. சிரித்துக்கொண்டே இருக்கும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனா.

நிற்கிற மோட்டாருக்குப் பதிலாக அதே அளவு கரண்டை வாங்குகிற வேறொன்று வேண்டும். சைக்கிள் டைனமோவில் எரியும் பின்விளக்கு பல்ப் அதற்குச் சரியாக இருந்தது. காத்தான்குடியில் சைக்கிள் சாமான் விற்கும் மர்சூக்கிடம் போய் வாங்கினார். சைக்கிள் பட்டாளம் கட்டப் போகிறீர்களா அண்ணன் என்று மர்சூக் பகிடி பண்ணினார். விடயத்தைக் கேட்டபிறகு பல்புகளை ஒவ்வொன்றாக எரித்துப் பார்த்துத் தெரிந்தெடுத்துக் கொடுத்தார். அவரும் அந்தக் காலையில் தங்கச்சி ஒருத்தியை இழந்தவர்.

பல்புகளை மாமா பொம்மைகள் நிற்கும் பெட்டிக்குள் ஒளித்துத்தான் வைத்தார். ஆனால் பெட்டியைச் சுற்றிய துணி மெல்லியது. இறந்தவர்களின் காலடியில் மஞ்சள் வெளிச்சம் கசிந்தது. மாமா செத்தவர்களுக்கு விளக்கு வைத்திருக்கிறார் என்று ஊர் பேசியது. அவர் அதை மறுக்கவில்லை. அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது.

மாவிடிக்கும் பெண்ணுக்கு மட்டும் அவர் பல்ப் போடவில்லை. ரெண்டு இடி, ஒரு மூச்சு என்று உலக்கை விழுந்துகொண்டிருந்தது. சுவாமி அதன் முன்னால் நின்று மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

"பல்ப் போதாமப் போயிட்டு சுவாமி" என்றார் மாமா.

மர்சூக் கொடுத்ததில் ஒன்று அவருடைய சட்டைப்பைக்குள் இருந்தது. சுவாமி அதற்குமேல் கேட்கவில்லை. ஊரிலும் ஒருவரும் கேட்கவில்லை.

2006 தொடக்கத்தில் ஒரு பின்னேரம் ரியூசனுக்குப் போன தனோஜன் வீட்டுக்குத் திரும்பவில்லை. யார் கொண்டுபோனது என்பதற்கு ஆளுக்கொரு கதை இருந்தது. கொஞ்ச நாளுக்குப் பிறகு வடக்கே வன்னியில் அவனைக் கண்டதாக ஒருவர் சொன்னார். யுத்தம் மூண்டு பாதைகள் மூடிவிட்டன. தெரேசம்மாவுக்கு அவன் ஒரே பிள்ளை. கோயிலடியில் அப்பம் சுட்டு விற்றுக்கொண்டு இருந்தா. மார்கழி வந்து குடில் கட்டியதும், அடுப்பை மூட்டுவதற்கு முன்னால் வந்து மகனின் பொம்மையைப் பார்ப்பா. அவன் ஆட்டை இழுத்துக்கொண்டிருந்தால் போய் அடுப்பைப் பற்றவைப்பா.

அந்த வருடங்களில் வயரும் பற்றரியும் உருளையும் கொண்டு வீதியில் போவது லேசான விடயமில்லை. சோதனைச் சாவடிகளில் மாமாவை இறக்கி வைத்து விசாரித்தார்கள். அவர் வெள்ளாட்டுப் பொம்மையைச் சைக்கிளின் முன்கூடையில் எல்லாருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டு போவார். ஒருமுறை ஒரு சிப்பாய், புத்தர் பிறந்த வெசாக் நாளின் பந்தலுக்கு இதைப்போலத் தன் தகப்பனும் செய்வார் என்று அரைகுறைத் தமிழில் சொல்லி, ஆட்டின் தலையைத் தடவி அனுப்பினானாம். இன்னொரு முறை ஒரு நாள் முழுவதும் வெயிலில் இருத்தி வைத்தார்கள். இரண்டையும் ஒரே மாதிரித்தான் சொல்லுவார்.

2008 நத்தார் கிழமையில், உப்புக் காற்றுப் பட்டுத் தனோஜனின் மோட்டார் இறுகிவிட்டது. அதோடு மாமியின் உலக்கையும் நின்றது. காலையில் வந்து பார்த்த தெரேசம்மா குடிலுக்கு முன்னால் அப்படியே நிலத்தில் குந்திவிட்டா. மாமா காத்தான்குடிக்குச் சைக்கிளை மிதித்தார். அப்படிப்பட்ட மோட்டார் கடைகளில் வருவது நின்றுவிட்டிருந்தது. மர்சூக் தன் கடையில் பாட்டுக் கேட்கும் ரேப் ரெக்கோடரைத் திறந்து உள்ளே இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். மாமா திரும்பி வந்து பூட்டி முடிக்கும்வரை தெரேசம்மா எழும்பவில்லை. உலக்கை விழுந்து, ஆடு இழுபட்ட பிறகுதான் எழும்பினா. அன்றைக்கு யாருடைய மனிதருக்காக மாமா அவ்வளவு வேகமாக மிதித்தார் என்று அவவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

2009 வைகாசியில் யுத்தம் முடிந்தது. வீதியில் வெடி கொளுத்தினார்கள், சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். தெரேசம்மா பாற்சோற்றைத் தாண்டி நடந்து வவுனியா பஸ் ஏறினா. அங்கே முகாம் முகாமாக, கம்பி வேலிக்கு வெளியே நின்று மகனின் பெயரைக் கூப்பிட்டா. மூன்று தடவை போய் வந்தா. கார்த்திகையில், தடுப்பு முகாமிலிருந்து விட்ட ஒரு பொடியன் பக்கத்து ஊரிலிருந்து அவவைத் தேடி வந்தான். தனோஜனோடு ஒன்றாக இருந்தவன். கடைசி நாட்களில் ஷெல் விழுந்ததைச் சொன்னான். அவன் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு தெரேசம்மா ஒன்றே ஒன்று கேட்டா.

"மண் போட்டனீங்களா மகன்?"

"போட்டம் அம்மா."

அவனுக்கு அப்பம் சுட்டுக் கொடுத்து அனுப்பினா.

மார்கழியில் மாமா குடிலுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் நின்றா.

"தனோஜனுக்குப் பல்ப் போடுங்க அண்ணன்."

மாமா கையில் இருந்த வயரைப் பார்த்தபடியே பேசினார். அந்தப் பொடியன் ஆளை மாறி நினைத்திருக்கலாம், அந்த நேரத்தில் யார் யாரென்று யாருக்குத் தெரியும், இன்னும் ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

"மண் போட்ட கை பொய் சொல்லாது அண்ணன்" என்றா தெரேசம்மா. பிறகு, குரலை உயர்த்தாமல், "நீங்க எனக்காகப் பொறுக்கச் சொல்லுறீங்களா, இல்லாட்டி உங்களுக்காகவா?"

மாமா வயரைச் சுருட்டி வைத்தார். அடுத்த நாள் காத்தான்குடிக்குப் போய் ஒரு பல்ப் வாங்கி வந்து, மர்சூக் கொடுத்த மோட்டாரைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டினார்.

நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். பையனும் ஆடும் கயிறும் அசையாமல் நின்றன. அவனுடைய காலடியில் விளக்கு எரிந்தது. உலக்கை இரண்டு தரம் விழுந்தது. பிறகு மூச்சு விடும் இடைவெளி வந்தது. விளக்கு அணைந்தது.

மற்ற வரிசைகளில் தகடுகள் நீளமானவை. இறந்தவர்களின் விளக்கு நெடுநேரம் எரியும், உருளை ஒரு சுற்றுச் சுற்றிவரும்போது ஒருமுறை கண் சிமிட்டும், அவ்வளவுதான். இது மாமி வெட்டிய தகடு. ரெண்டு இடி, ஒரு மூச்சு. விளக்கு எரிந்தது, எரிந்தது, அணைந்தது. மறுபடி எரிந்தது, எரிந்தது, அணைந்தது. தெரேசம்மா முதலில் இது எப்படி என்று விளங்காமல் பார்த்தா. பிறகு விளக்கு அணையும் ஒவ்வொரு தடவையும் அவவுடைய கை சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தது. எரியும்போது விட்டது. மாமா விளக்கைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒவ்வொரு தரமும் போறானே அண்ணன்" என்றா.

அதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அப்பக் கடைக்குப் போய்விட்டா.

மாமாவுக்கு வேறு வழிகள் தெரியும். பையனின் விளக்கைத் தனியாகப் பற்றரிக்கு இழுத்துவிட்டு, உலக்கைக்குச் சோடியாக எங்காவது ஒரு பல்பை ஒளித்து வைத்திருக்கலாம். அரை மணி நேர வேலைகூட இல்லை. இதை அவரே எனக்குச் சொன்னார். ஏன் அப்படிச் செய்யவில்லை என்பதைச் சொல்லவில்லை.

நத்தார்ப் பூசைக்கு ஊர் வந்தபோது மாவிடிக்கும் பெண் உலக்கையை உயர்த்திய கையோடு நின்றாள். அவளுடைய காலடியிலும் ஒரு விளக்கு எரிந்தது. அன்று சட்டைப்பைக்குள் இருந்து, பிறகு நான்கு வருடம் அவருடைய மேசை லாச்சிக்குள் கிடந்த பல்ப் அது. அந்தச் சோடியின் வயரை உருளையில் இருந்து கழற்றி நேராகப் பற்றரிக்குக் கொடுத்திருந்தார். இரண்டு விளக்கும் சிமிட்டாமல் எரிந்தன. தெரேசம்மா வந்து மகனின் விளக்கைப் பார்த்தா. பக்கத்து விளக்கையும் பார்த்தா. மாமாவைத் தேடித் திரும்பினா. அவர் தூணடியில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவ அவரிடம் போகவில்லை. முழங்காலில் நின்று இரண்டு விளக்குக்கும் சேர்த்துச் செபித்தா.

மறுநாள் ஊரெல்லாம் கடற்கரையில் பூவோடு நின்றபோது மாமா கிரான் பஸ்ஸில் ஏறினார். மாமியின் தமையன் வயல் வட்டையிலிருந்து அப்போதுதான் வந்து, காலில் சேறு காயாமல் வாசல் படலையடியில் நின்றாராம். ஐந்து வருடமாகப் பேசாதவர்கள்.

"மச்சான், அவளுக்குச் செய்வம்" என்றார் மாமா.

தமையன் மனைவியைக் கூப்பிட்டு இன்னொரு ஆளுக்குச் சோறு போடச் சொன்னார்.

கோணாமலை மாமா இப்பவும் நத்தாருக்கு அந்தக் குடிலைப் பூட்டி ஓடவிடுகிறார். மாமாங்கத்துக்கு மயிலும் போகிறது. போன மார்கழியில் உருளைக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மூன்று வரிசைகளுக்கு மேலே பித்தளை நாக்குகள் இருந்தன. நான்காவதற்கு நாக்கு இல்லை. ஆனால் தகடுகள் அப்படியே இருந்தன. பயன்படாத தகடுகளை ஏன் கழற்றவில்லை என்று நான் கேட்டேன்.

"ஆணியெல்லாம் துருப்பிடிச்சிட்டு மகன். இழுத்தா மரம் வெடிச்சிரும்" என்றார்.

பற்றரியைப் பூட்டினார். உருளை சுற்றத் தொடங்கியது. அந்த வரிசையும் சுற்றியது. இரண்டு துண்டு, ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு துண்டு.